வாட்ச் கட்டினால் தெரியுமா?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் ஒரு தாயார், "டீச்சர், எம் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவாகுது? கையில ஒரு வாட்ச் கட்டிப் பாத்துருவமா?" என்று கேட்டார். அன்றைக்கு மழுப்பிவிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேப்பமரத்திலிருந்து குழாயடிக்கு ஓட்டம். அங்கே குந்தி, எறும்புப் புற்றைக் குச்சியால் கிண்டினான். அப்புறம் திண்ணையில் ஏறிக் குதித்தான், ஏழெட்டுத் தடவை. வாட்ச் காலடியை எண்ணும். ஏறியதையும் குந்தியதையும் எதில் சேர்க்கும்? காசை வீணாக்க வேண்டாம்.

சரியாக அளக்க ஒரு வழி உண்டு. வழக்கமானதைவிடச் சற்றுக் கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ள தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிப்பார்கள். பயப்பட வேண்டாம், கதிர்வீச்சு கிடையாது. ஹைட்ரஜன் தண்ணீராகத்தான் வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறைகிற வேகத்தில் உள்ள வித்தியாசமே எவ்வளவு கரியமில வாயு போனது என்று சொல்லி, அதன்வழி எரிந்த சக்தியைக் காட்டிக்கொடுக்கும். செலவு பிடிக்கும் ஆராய்ச்சி வேலை, நம்மால் ஆகாது.

இப்படி 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த கணக்கு 2021-இல் வந்தது. உடல் அளவோடு ஒப்பிட்டால், ஒரு வயதுப் பிள்ளை பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாகச் செலவழிக்கிறது. 20 வயதுவரை அது மெல்லக் குறைகிறது. இன்னொன்று: ஐந்து வயதை ஒட்டி, உடல் செலவழிப்பதில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போகிறது. ஆகவே "எம் மக சும்மா உக்காந்து படம்தானே வரையுது" என்று சோற்றைக் குறைக்காதீர்கள்.

4 முதல் 6 வயதுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கிலோகலோரி (நாம் பேச்சில் கலோரி என்பது இதைத்தான்) என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். அது சராசரி. அதை வைத்துத் தட்டை அளக்க வேண்டாம், வாயில் திணிக்கவும் வேண்டாம்.

பதினொரு மணிக்கே பிள்ளைகள் சுருண்டு விடுகிறார்கள். எனவே திங்கள் முதல் இடைவேளைக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்துவிடுங்கள்: இரண்டு பணியாரம், அவித்த பயறு, கடலை உருண்டை, எதுவானாலும் சரி. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் வகுப்பு ஆசிரியையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்பத்தாமார் வாங்கித் தரும் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். இதை அவர்களிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

எடையும் உயரமும் மாதாமாதம் பார்த்து, உங்களிடம் மட்டும் சொல்வோம். டப்பாவின் மூடியிலும் பெயர் எழுதுங்கள். பெயரில்லாத மூடிகள் பதினொன்று என் அலமாரியில் கிடக்கின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
காரைக்குடி