பிறந்த ஆண்டைத் திருத்துங்கள், தடையைப் பிறகு பேசலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையை இன்ஸ்டாகிராமில் விடலாமா, கூடாதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அதுபோன்ற சட்டம் பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றது. அதன்பிறகு பெற்றோர் கேட்பதெல்லாம் "இங்கே எப்ப சார் தடை?" என்பதுதான். சேலம் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தருகிறவர்கள் என்ற முறையில், அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை, பிள்ளையின் கணக்கில் போட்டிருக்கும் பிறந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறோம்.

ஆஸ்திரேலியச் சட்டத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே பிள்ளைக்கும் அபராதம் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. கம்பெனிக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. "பிறந்த தேதியை அவர்களே போட்டார்கள், நாங்கள் நம்பிவிட்டோம்" என்று கம்பெனி கைகழுவ முடியாது. அந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பிடித்த இடம் இதுதான்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்த பிறகே அவர்களுடைய தகவலைக் கையாள வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதோ, குறிவைத்து விளம்பரம் காட்டுவதோ கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. காகிதத்தில் பலமான சட்டம். ஆனால் சம்மதம் என்பது அம்மா போனுக்கு வரும் ஓடிபியோடு முடிந்துபோனால் என்ன ஆகும்? பல வீடுகளில் அந்த ஓடிபியைத் திறந்து வாசித்துச் சொல்வதே பிள்ளைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். இன்ஸ்டாகிராமில் சேரக் குறைந்தபட்ச வயது 13. ஆறாம் வகுப்பில், 11 வயதில் சேர நினைக்கும் பிள்ளை ஆண்டுச் சக்கரத்தை விரலால் நன்றாகக் கீழே தள்ளி, 18 முடிந்ததுபோல ஒரு ஆண்டைப் போடுகிறது. கணக்கு திறந்துவிடும். மூன்று வருடம் கழித்து, பிள்ளைக்கு 14 ஆகும்போது கணக்குக்கு 21. பதின்பருவத்தினருக்கென்று இருக்கும் எந்தப் பாதுகாப்பும் அந்தக் கணக்குக்குப் பொருந்தாது. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்பலாம், பெரியவர்களுக்கான விளம்பரம் வரலாம், கணக்கு ஊருக்கே திறந்து கிடக்கலாம்.

வயதைச் சரியாகப் போட்டால் நிலைமை வேறு. 2024 செப்டம்பரில் அறிமுகமாகி, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த 'டீன் அக்கவுண்ட்' தானாகவே பிரைவேட் ஆகிவிடும். பிள்ளை பின்தொடர்கிறவர்களும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களும் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். நாளுக்கு 60 நிமிடம் ஆனதும் வெளியே போகச் சொல்லி நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் அடங்கிவிடும். 16 நிரம்பாத பிள்ளை இவற்றைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் அனுமதி வேண்டும். 16, 17 வயதுக்காரர்கள் தாங்களே மாற்றிக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள ஓட்டை.

திருத்துவது ஐந்து நிமிட வேலை. பிள்ளையின் ப்ரொஃபைலில் மேலே வலது மூலையில் மூன்று கோடு இருக்கும். அதைத் தொட்டு 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', அதற்குள் 'பெர்சனல் டீடெய்ல்ஸ்', அதற்குள் 'பர்த்டே'. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைப் போடுங்கள். 13 நிரம்பவில்லை என்றால் கணக்கு முடக்கப்படும், முடங்கட்டும். பிறகு பிள்ளை மறுபடி 18-க்கு மேல் என்று மாற்றப் பார்த்தால், அடையாளச் சான்றோ முகத்தைக் காட்டும் வீடியோவோ கேட்கும். அடுத்து 'ஃபேமிலி சென்டர்' வழியாகப் பெற்றோர் தங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்கலாம். கடந்த ஏழு நாளில் பிள்ளை யார் யாரோடு பேசியது என்று தெரியும், என்ன பேசியது என்று தெரியாது. அந்த அளவே போதும் என்பது எங்கள் கருத்து. எல்லாவற்றையும் படிக்க நினைக்கும் வீட்டில்தான் இரண்டாவது ஐடி முளைக்கிறது.

இதெல்லாம் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப்புக்கு நேர வரம்பு வைக்கும் 'டிஜிட்டல் வெல்பீயிங்' வசதியைப் போட்டு, நாளுக்கு முப்பது நிமிடம் என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த டைமருக்குப் பூட்டு கிடையாது. வைத்த வழியிலேயே போய்ப் பிள்ளை எடுத்துவிடும். ஆப்பை முடக்கினால் குரோமில் அதே தளம் திறக்கும். நம் ஊரில் அதிகம் விற்கும் போன்கள் பலவற்றில் ஒரே ஆப்பை இரண்டாக்கும் 'டூயல் ஆப்' வசதி இருக்கிறது. ஒன்று அம்மாவுக்குக் காட்ட, இன்னொன்று நண்பர்களுக்கு. செட்டிங்ஸில் மேலே உள்ள தேடும் பெட்டியில் 'டூயல்', 'குளோன்' என்று அடித்துப் பாருங்கள், பட்டியல் வரும். பிள்ளைக்குத் தனி போன் இருந்தால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' ஆப் இதைவிட மேலானது. நேர வரம்பும் புது ஆப்புக்கு அனுமதியும் பெற்றோர் போனிலிருந்தே நடக்கும். அதற்கும் பிள்ளையின் கூகுள் கணக்கில் உண்மையான பிறந்த தேதி இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறோம்.

ஆனால் கொலுசுப் பட்டறை, தறி வைத்திருக்கும் எத்தனையோ வீடுகளில் போன் ஒன்றுதான். பகலில் ஆர்டரும் பணமும் அதில். இரவு ஏழு மணிக்கு மேல் அது பிள்ளை கையில். கணக்கு நாற்பது வயது அப்பாவுடையது. அப்பா ராத்திரி என்ன பார்த்தாரோ, அதை ஒட்டித்தான் மறுநாள் பிள்ளைக்கு ரீல்ஸ் வரும். இந்த வீட்டுக்குத் தடைச் சட்டம் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் சட்டப்படி அங்கே குழந்தையே இல்லை. இவர்களுக்கு உதவுவது 'ஆப் பின்னிங்'. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். சில போன்களில் 'ஸ்கிரீன் பின்னிங்' என்ற பெயர். அதை ஆன் செய்து, வெளியே வர பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். பிறகு படிக்க வேண்டிய ஆப்பைத் திறந்து, திறந்திருக்கும் ஆப்களைக் காட்டும் திரைக்குப் போய், அந்த ஆப்பின் சின்னத்தைத் தொட்டு 'பின்' கொடுத்தால் போன் அதிலேயே நின்றுவிடும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனைத் தொடாதே என்று பிள்ளையிடம் சொல்வதில் அர்த்தம் இல்லை. 50 பேர் வகுப்புக்குச் சாதாரண குரூப் போட்டால் 50 வீட்டு எண்ணும் 50 வீட்டுக்கும் தெரிந்துவிடும். 'கம்யூனிட்டி' ஆக்கி அறிவிப்புப் பகுதியில் மட்டும் அனுப்பினால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. முழுத் தடை கேட்பவர்கள் ஏற்காட்டுக்கு மேலே உள்ள கிராமங்களையும் நினைக்க வேண்டும். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்எம்எம்எஸ் என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வின் மாதிரி வினாத்தாள் போன் வழியாகத்தான் வந்து சேர்கிறது. தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். லேசில் விடக்கூடிய தொகை இல்லை.

மிரட்டல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பணம் கேட்கிறான் என்று தெரிந்ததும் அப்பா முதலில் செய்வது போனைத் தரையில் அடிப்பது, இல்லாவிட்டால் கணக்கை அழிப்பது. சாட்சி அத்தோடு போயிற்று. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான். உரையாடலை அழிக்காமல், அவனுடைய ஐடி பெயர், பணம் கேட்ட எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. குழந்தை சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். பேசத் துணை வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. 'டேக் இட் டவுன்' என்ற சேவை, 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படத்தின் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் சுற்றுவதை அதனால் பிடிக்க முடியாது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. அந்தப் படத்தை "ஆதாரம்" என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அனுப்புவதே குற்றம், முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வதும் அப்படித்தான். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது.

எங்கள் கோரிக்கை சிறியது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பெற்றோர் போனையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் கொண்டுவரட்டும். மலைப் பள்ளிகளில் சிக்னல் சண்டித்தனம் செய்யும். ஹைடெக் லேப் உள்ள பள்ளியில் கூட்டத்தை வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கட்டும், திருட்டுத்தனமாகச் செய்ய இதில் ஒன்றும் இல்லை. பின் நம்பர் போடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். 1234 வேண்டாம், பிள்ளையின் பிறந்த ஆண்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.