மரவேலைப் பிரிவுக்கு மரத்துக்கான பிட்டுகளை வாங்கித் தாருங்கள்: பயிற்சி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும் வணக்கம்.

தங்கள் மையத்தில் வாரம் இரண்டு நாள் தச்சு சொல்லித்தருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பக்கத்துக் கட்டடத்தில் உலோகம் வெட்டும் மில்லிங் இயந்திரங்களுக்காக மொத்தமாக வாங்கிய நான்கு ஃப்ளூட் (சீவல் வெளியேறும் பள்ளம்; பள்ளத்துக்கு ஒரு வெட்டுமுனை) எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) எண்ட் மில்கள் எனும் வெட்டும் பிட்டுகளே, கணினி வழிநடத்த மரத்தைச் செதுக்கும் எங்கள் சி.என்.சி. ரவுட்டருக்கும் வந்துகொண்டிருப்பதும், இது குறித்து நான் ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருப்பதும் தாங்கள் அறிந்தவையே. இரும்பையே வெட்டும் கருவி மரத்தை வெட்டாதா என்பதுதான் இரண்டு முறையும் எனக்குக் கிடைத்த பதில். மூன்றாம் முறையாக, எல்லாரும் படிக்கும்படி எழுத வேண்டிய நிலைக்குச் சென்ற மாதச் செய்முறைத் தேர்வு என்னைக் கொண்டுவந்துவிட்டது.

அன்று ஒரு மாணவர் தேக்குப் பலகையில் கதவுக்கான கொடி வேலையை வெட்டிக்கொண்டிருந்தார். முதலில் வந்தது வாசனை. தேக்கை அறுக்கும்போது எழும் எண்ணெய் வாசனை அல்ல, அடுப்பில் வைத்த விறகின் வாசனை. பிட்டைத் தூக்கிப் பார்த்தபோது பள்ளத்தின் இரு சுவர்களும் கறுத்துப் பளபளத்தன, மேல் விளிம்பில் நார்கள் பிய்ந்து நின்றன. அந்தக் கறுப்பை எடுக்க அவர் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் தேய்த்தார். கொடியின் வளைவுகள் மழுங்கினவே தவிர, கறுப்பு முழுதாகப் போகவில்லை. "ஃபீட் தவறு", அதாவது பிட்டை மரத்தில் நகர்த்தும் வேகம் தவறு என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். பலகையின் விலையையும் அவருடைய உதவித்தொகையிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். தந்தையின் பட்டறையில் சிறு வயதிலிருந்தே இழைப்புளி பிடித்த பிள்ளை, தனக்கு வேலை தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தவறு ஃபீட்டில் இல்லை என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும் பிட்டில் நான்கு வெட்டுமுனைகள் இருந்தால் நிமிடத்துக்கு 72,000 வெட்டுகள் விழுகின்றன. எங்கள் இயந்திரம் அதிராமல் ஓடக்கூடிய நிமிடத்துக்கு 1,500 மி.மீ. ஃபீட்டில் ஒவ்வொரு வெட்டுக்கும் கிடைப்பது 0.02 மி.மீ. மரம்தான். அதில் சீவல் வராது. முனை மரத்தைத் தேய்க்கும், தேய்த்தால் சூடேறும். இரும்பை வெட்டும்போது சூட்டின் பெரும்பகுதியைச் சீவலே எடுத்துக்கொண்டு போய்விடும், மிச்சத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பார்த்துக்கொள்ளும். மரமோ சூட்டைக் கடத்தாது. எல்லாம் பிட்டின் முனையிலேயே தங்குகிறது. தேக்கில் இயல்பாகவே உள்ள சிலிக்கா எச்.எஸ்.எஸ். முனையை விரைவில் மழுக்க, மழுங்கிய முனை இன்னும் கூடுதலாகத் தேய்க்கிறது. சுற்றைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். பிட்டைச் சுழற்றும், 24,000 சுற்றுக்கென வடிவமைத்த ஸ்பிண்டிலை 6,000 சுற்றில் ஓட்டினால் அதன் திறன் ஏறக்குறைய கால் பங்காகிவிடும்; தேக்கில் அது திணறும்.

முனையின் வடிவமும் வேறு. கொல்லர் இரும்பு வெட்டும் உளியின் முனைக் கோணம் சுமார் 60 பாகை. தச்சரின் உளிக்கு 25 முதல் 30 பாகை. எண்ட் மில்லின் முனையும் கொல்லரின் உளி போலத்தான், இரும்பின் அடியைத் தாங்குவதற்காகத் தடிப்பாக விடப்பட்டது. கொல்லரின் உளியைக் கொடுத்து மரத்தில் பூ செதுக்கச் சொல்லிவிட்டு, பூ சரியில்லை என்று மாணவரைக் கண்டிப்பது நியாயமா?

உலோகத்துக்கான எதுவும் மரத்தில் படவே கூடாது என்று நான் வாதிடவில்லை. அலுமினியத்துக்கென வரும் இரண்டு ஃப்ளூட் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) எண்ட் மில்லை என் பட்டறையில் அவசரத்துக்கு நானே மாட்டியிருக்கிறேன். முனை கூர்மையாகவும் சீவல் வெளியேறும் பள்ளம் அகலமாகவும் இருப்பதால் அது ஓரளவு சுத்தமாகவே வெட்டும். தாங்கள் அனுப்புவது அந்த வகை அல்ல.

சாணைக் கல் கேட்டாலும், தூசி உறிஞ்சிக்குப் புதுப் பை கேட்டாலும், ஃபிட்டர், டர்னர் பிரிவுகளுக்குப் போக மிஞ்சியதுதான் மரவேலைக்கு என்ற வழக்கம் தங்கள் மையத்தில் வெகு நாளாக இருக்கிறது. அதே தேர்வு நாளில், மதிய உணவுக்குப் பிறகு அந்தப் பைக்குள்ளிருந்து புகை வந்தது. கருகிய தூள் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தோம். எவரும் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் கேட்பது ஒன்றே: மரவேலைப் பிரிவுக்கு மரத்துக்கான பிட்டுகளை வாங்கித் தாருங்கள். கார்பைடில், இரண்டு ஃப்ளூட் உள்ளவை போதும். ஆழமான பள்ளத்துக்குச் சீவலை மேலே தள்ளும் வகை, ப்ளைவுட்டின் மேல்தாள் பிய்யாமல் இருக்கக் கீழே அழுத்தும் வகை என இரண்டு வகையும் வேண்டும். ஆணை எழுதும்போது 6 மி.மீ. ஷாங்க்கையும் (பிட்டின் தண்டு) கால் அங்குலம் எனப்படும் 6.35 மி.மீ. ஷாங்க்கையும் ஒன்றாகக் கருதிவிட வேண்டாம். தண்டைக் கவ்விப் பிடிக்கும் எங்கள் கோலெட் 6 மி.மீ.

அந்த மாணவரிடம் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்து, புதிய பிட்டுடன் அவருக்கு மறுதேர்வு வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பலகையை என் பட்டறையிலிருந்து நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மையத்தில் தச்சு சொல்லித்தரும் ஒருவன்