வெள்ளைத் துணியில் இரண்டு துளி

தக்கலை,
இடவப்பாதி மழை தொடங்கி மூன்றாம் நாள்.

அன்பு மக்களே,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை வந்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. ரப்பர் மரங்களுக்கு மழைக்காப்பு ஒட்டும் வேலை பாதியில் நிற்கிறது, ஆள் கிடைக்கவில்லை. தெற்கு வரப்புச் சக்கை இந்த ஆண்டும் நன்றாகக் காய்த்தது. பேரனுக்கு வற்றல் வறுத்து டப்பாவில் வைத்திருக்கிறோம். மீதி விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன் காரின் கியர் பாக்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் மீட்டிங் என்கிறாய்.

மே மாதம் நீ வந்த அன்று, முற்றத்தில் வண்டியைத் திருப்பும்போது நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிவர்ஸில் போட்ட பிறகும் வண்டி அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி முடித்த பிறகுதான் தடக்கென்று ஓர் உதறலோடு பின்னால் வந்தது. 38 வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அது போதும். மறுநாள் நீ பத்து மணி வரை தூங்கினாய். எழுப்ப வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அந்த நேரத்தில் வண்டியை மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போனேன். உன்னிடம் கேட்காமல் எடுத்தது தப்புதான்.

உன் வண்டி ஆட்டோமேட்டிக், அதில் கியர் ஆயிலைப் பார்க்கும் கம்பி கிடையாது. லிஃப்டில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன சூட்டுக்கு ஆயில் வந்த பிறகு, அளவு பார்க்கும் சிறு திருகை அடியிலிருந்து கழற்றினார்கள். ஒழுகியதில் ஒரு துளியை மேஸ்திரி வெள்ளை வேட்டித் துண்டில் பிடித்தார். பக்கத்தில், வேறொரு வண்டிக்கு வைத்திருந்த புது ஆயிலில் ஒரு துளி விட்டார். அந்தத் துணியைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். புதியது மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். உன்னுடையது கருப்பட்டிக் காப்பி நிறம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, சில ஆயில் சீக்கிரமே கறுக்கும் என்றார் அவர். ஆனால் முகர்ந்து பார்த்தபோது கருகிய வாடை அடித்தது. நிறமும் வாடையும் அந்த உதறலும் சேர்ந்தால் இனி யோசிக்க ஒன்றுமில்லை. மீட்டரில் 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஒரு தடவைகூட மாற்றவில்லை.

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொன்னார்கள்" என்பாய். டேஷ்போர்டுக்குள் இருந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சாதாரண ஓட்டத்துக்கான பட்டியலில் மாற்றச் சொல்லவில்லை, உண்மை. இரண்டு பக்கம் தள்ளி, கடினமான ஓட்டத்துக்கு என்று வேறொரு பட்டியல் இருக்கிறது. நின்று நின்று போகும் நெரிசல், மலையேற்றம், கடும் வெயில். அப்படி ஓட்டினால் 60,000-ல் மாற்று என்கிறது. பெங்களூரில் நீ தினமும் ஆபீசுக்குப் போய் வருவது வேறென்ன ஓட்டம்? எங்கள் அம்பாசடரில் கியர் ஆயில் பற்களுக்கு வழுவழுப்புத் தந்தால் போதும். உன் வண்டியில் இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவதே ஆயில்தான். உள்ளே இருக்கும் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதே ஆயில். ஊர்ந்து போகும்போது, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் கன்வர்டருக்குள் அது சும்மா கடைபட்டுக் கொதிக்கிறது. சூடுதான் அதைக் கொல்கிறது.

ஆகவே மாற்று. தள்ளிப் போடாதே. புத்தகத்தில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல், சிவப்பாக இருக்கிறதே என்று எதையாவது ஊற்ற விடாதே. ஒரு தடவை வடித்தால் பாதிகூட வராது, மீதி கன்வர்டரில் தங்கிவிடும். கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டாம் தடவையும் வடிக்கச் சொல். அடித்தட்டைக் கழற்றும்போது நீயே பக்கத்தில் நில். அதற்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் பயமில்லை. துணுக்குத் துணுக்காக இரும்பு இருந்தால் உடனே எனக்குப் போன் செய். மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கச் சொல் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். மேலே மை தீற்றியிருப்பது அதுதான்.

இதையெல்லாம் அன்றைக்கே சொல்லத்தான் வந்தேன். நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் மரச்சீனி வேகிறது, சாப்பிட வா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சரியான ஆயில் நாகர்கோவிலிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் இருப்பாய் என்று நினைத்தேன். நீ மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய். 600 கிலோமீட்டருக்கு மேல், ஆரல்வாய்மொழிக் காற்றில், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துத் தனியாக ஓட்டி வந்தாய் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். தனியாக ஏன் வந்தாள் என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மக்களே, 2003-ல் உன் கவுன்சலிங்குக்குப் புறப்பட்ட அன்று வில்லுக்குறியில் நம் அம்பாசடர் கியர் பாக்ஸ் இறுகி நின்றதே. ரயில் போனது, இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே சென்னை போனோம், உன் முறை கடந்திருந்தது, மிச்சமிருந்த இடத்தை எடுத்தாய். அப்போதைய மேஸ்திரி சரியாக வேலை செய்யவில்லை என்று இத்தனை வருடம் சொல்லி வந்தேன். வெற்றிலை போடுவாரே, அவர்தான். அது பொய். சீல் ஒழுகுகிறது, ஆயில் குறைகிறது, இரண்டாம் கியரில் ஊளைச் சத்தம் வருகிறது என்று இரண்டு மாதம் முன்பே அவர் சொன்னார். மழைக்காலம் கழியட்டும் என்றேன். பணம் இல்லாமல் இல்லை. தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன், கேட்காததுபோல ஓட்டினேன். உன் கண் முன்னால் அவரைத் திட்டினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போன மாசியில் இறந்துபோனார். அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் இடத்தைக் கெடுத்தது நான்தான். இதை உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

உன் அறையில் மின்விசிறியை மாற்றியிருக்கிறேன். ஆயில் மாற்றும் வரை அந்த வண்டியில் இவ்வளவு தூரம் வராதே. ஓணத்துக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் வா, இரணியலில் வந்து நிற்கிறேன். இரண்டு டிக்கெட்டா, மூன்றா என்று மட்டும் சொல். இரண்டு என்றாலும் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அப்பா