நடை சாத்தும் நேரத்தில் தடுப்பைத் திறங்கள்

ராமேஸ்வரத்து ரத வீதிகளில் எந்த வண்டி எப்போது போகலாம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பதவியையோ பெயரையோ எழுதப்போவதில்லை, சண்டைக்கும் வரவில்லை. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு குட்டி யானை ஓட்டுகிறேன். சொந்த வண்டிதான், இன்னும் தவணை முடியவில்லை. காய்கறி, அரிசி, எண்ணெய் டின், லாட்ஜுக்குத் தண்ணீர் கேன், கிடைத்ததை ஏற்றுவேன். கோயிலைச் சுற்றி இருக்கிற மெஸ் எதிலாவது நீங்கள் சாம்பார் சாப்பிட்டிருந்தால் அதில் கிடந்த வெங்காயம் என் வண்டியில் வந்ததாகவே இருக்கலாம்.

காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை சரக்கு வண்டி ரத வீதிக்குள் வரக்கூடாது என்று தடுப்பு வைத்துவிட்டீர்கள். கூட்டம் அதிகம் என்கிறீர்கள், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை என்றால் உள்ளே நடக்கவே இடம் இருக்காது, அன்றைக்கு நாங்களே வண்டியை எடுக்காமல் முந்தின நாளே லோடு இறக்கிவிட்டு வீட்டில் கிடப்போம். அமாவாசைக்கு வைத்த தடுப்பைச் செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வைத்ததுதான் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, நீங்கள் எங்களுக்கு விட்டுவைத்த நேரம்.

இந்த ஊர் எழுந்திருப்பது கோயிலோடு. அதிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதற்கு மூன்றரை நாலு மணியிலிருந்தே ஆள் வரத் தொடங்கும். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்துணியோடு, கையில் வாளியோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருட்டுக்குள் நடந்து வருவார்கள். 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்ற அவசரத்தில் யாரும் இடது வலது பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம், அது அவர்கள் வீதி. நீங்கள் சரக்கு வண்டியை உள்ளே அனுப்பியிருப்பது சரியாக அந்த நேரத்தில். ஆறு மணிக்குள் வெளியே வந்தாக வேண்டும் என்பதால் ஓட்டுகிறவனுக்கும் பதற்றம். ஐந்தரை மணிக்கு ஒரு பாட்டி என் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தது. பிரேக்கில் கால் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஹாரன் அடிக்கக்கூட மனசு வரவில்லை.

சரி, இரவு பத்து மணிக்கு மேல் போகலாமே என்பீர்கள். யார் வாங்கி வைப்பது? ஒன்பது மணிக்குக் கோயில் நடை சாத்துகிறார்கள், கொஞ்ச நேரத்தில் கடைகளும் ஷட்டரை இறக்கிவிடும். மெஸ் நடத்துகிற காக்காவுக்கு (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கீழக்கரைதான் சொந்த ஊர், இங்கே தனியாளாகக் கிடந்து நடத்துகிறார். பகலெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு பதினொரு மணிக்கு எனக்காக விழித்திருக்கச் சொன்னால், "வாசல்ல வச்சிட்டுப் போயிருங்க தம்பி" என்கிறார். வாசலில் வைத்தால் விடிவதற்குள் மாடு பாதிக் கோஸைத் தின்றிருக்கும். (இந்த மாடுகளுக்கு மட்டும் எந்த நேரக் கட்டுப்பாடும் கிடையாது.)

இதில் மதுரையிலிருந்து வருகிற வண்டிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். சந்தையில் நள்ளிரவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பரமக்குடி வரை நான்குவழிச் சாலை, அதற்கப்புறம் எதிரில் வருகிற பஸ்ஸோடு மல்லுக்கட்ட வேண்டிய ரோடு, மண்டபம் தாண்டினால் தீவுக்கு வர 1988-இல் திறந்த அந்த ஒரே சாலைப் பாலம். பாலத்தின் மேல் சுற்றுலா வண்டிகள் ஓரம் கட்டிப் படம் எடுப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை ரயில் மண்டபத்தோடு நின்றதே, அப்போது அங்கே இறங்கிய அத்தனை பேரும் இந்தப் பாலத்தின் மேல்தான் வந்தார்கள். இப்போது புதிய பாலத்தில் ரயில் ஓடுகிறது, கார்கள் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் தாண்டி அவர்கள் ஊருக்குள் வரும்போது மணி ஆறரை ஆகிவிட்டால் தக்காளி தடுப்புக்கு வெளியே வெயிலில் நிற்கும்.

வெளியே நின்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு கடை வாசலில் நிறுத்தி இறக்க அரை மணி நேரம் போதும். இப்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, தள்ளுவண்டி பிடித்து, நாலு நடை, ஐந்து நடை. நடைக்கு நூறு ரூபாய் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, 25 கிலோ சிப்பங்களை வெயிலில் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஒரு லோடில் என் கையில் நிற்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேஸ் போடுகிற பையன்கள் நிலை இதைவிடக் கேவலம். 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ, அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு வீதி நீளம் நடக்கிறார்கள். நாங்கள் நாலைந்து வண்டி தடுப்போரம் வரிசையாக நிற்பதால் பின்னால் வருகிற டூரிஸ்ட் பஸ் திரும்ப முடியாமல் அங்கே ஒரு புது நெரிசல். உள்ளே இருந்த நெரிசலை எடுத்து நூறு அடி தள்ளி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மதுரையில் சித்திரை வீதியில் வண்டி விடாமல் நடத்தவில்லையா என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அங்கே சித்திரை வீதியை மூடினால் ஆவணி மூல வீதி, அதைத் தாண்டி மாசி வீதி, அதைத் தாண்டி வெளி வீதி என்று அடுக்கடுக்காக இருக்கிறது, ஒன்றில் இறக்கி இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். இங்கே ரத வீதியை விட்டால் சந்து, கிழக்கே போனால் கடல். வண்டியைக் கடலுக்குள்ளா நிறுத்துவது?

அப்புறம், அந்த போர்டு. மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவு, வண்டிகளுக்குத் தடை போட அதிகாரம் தருகிறது, சந்தோஷம். தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதாக இருந்தால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், உரிய அடையாளப் பலகையும் வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இங்கே பலகை இருப்பது திருப்பத்தைத் தாண்டிய பிறகு, நேரம் எழுதியிருப்பது தேர்வு ஹாலில் பிட் எழுதுகிற சைஸில். ஆந்திராவிலிருந்து மிளகாய் ஏற்றிவந்த டிரைவர் அதைப் படிக்க உள்ளே வந்துதான் ஆக வேண்டும், வந்தால் அபராதம். போன வாரம் எனக்கும் 500 ரூபாய். மணி ஆறு பத்து.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். லோடு இறக்கிய பிறகும் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு டீக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன். இரண்டு வண்டியை இணையாக நிறுத்தி டிரைவர்கள் கதை பேசுவதும் உண்டு. அதற்கு அபராதம் போடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

நேரத்தைப் பங்கு போடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. வலை அறுந்து, அடிதடி ஆகி, அதற்கப்புறம் உட்கார்ந்து பேசி வந்த ஏற்பாடு அது. என் அப்பா நாட்டுப்படகில் போனவர், அந்த நாள் கணக்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு. அதை முடிவு செய்யும்போது கடலுக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இந்தத் தடுப்பைப் பற்றி எந்தக் கடைக்காரரையும் எந்த டிரைவரையும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும். மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறப்பது 3 மணிக்கு. அந்த இரண்டு மணி நேரம் வீதி காலி. வந்தவர்கள் சாப்பிடப் போவார்கள், இல்லை லாட்ஜில் படுத்திருப்பார்கள், வெயிலுக்கு நாய்கூட வெளியே வராது. கடைகள் திறந்திருக்கும், வாங்கி வைக்க ஆளும் இருக்கும். அதை எங்களுக்குக் கொடுங்கள். பெரிய லாரி வேண்டாம், குட்டி யானை அளவுள்ள வண்டி மட்டும், ஒரு வண்டிக்கு இருபது நிமிஷம், அதற்கு மேல் நின்றால் அபராதம். பதிலுக்கு அதிகாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை எங்களை உள்ளே விடவே விடாதீர்கள், பால் வண்டி ஒன்றைத் தவிர. அமாவாசை நாட்களில் மதியமும் வேண்டாம்.

நம்பிக்கை இல்லை என்றால் ஏதாவது ஒரு சாதாரண நாளில் மதியம் ஒன்றேகால் மணிக்கு மேற்குக் கோபுரம் பக்கம் வந்து நில்லுங்கள். தடுப்புக்கு வெளியே நீல நிற வண்டி, பின்னால் வெங்காய மூட்டை, ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்குகிறவன் நான்தான். தட்டி எழுப்புங்கள், வீதி முழுக்கச் சேர்ந்தே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வரலாம்.