ஒத்தெல்லோவைச் சினிமா கெடுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தை (காணாமல் போன கைக்குட்டையை வைத்து மனைவியைச் சந்தேகப்படும் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவின் கதை) சினிமாக்காரர்கள் நாசம் பண்ணிவிட்டதாகப் பொரிந்து தள்ளியிருந்தார். அவருக்கு மேடையில் பார்த்த மாதிரியே வேண்டுமாம். சரி, அப்படியும் எடுத்திருக்கிறார்கள். லாரன்ஸ் ஒலிவியர் நடித்த 1965 படம் மேடை நாடகத்தைத்தான் ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோனது. பெரிய நடிகர்தான், ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தால் காதைப் பிளக்கிறது (வெள்ளைக்காரரான அவர் முகத்தில் அப்பிய கறுப்புச் சாயத்தைப் பற்றி நான் பேசவே வேண்டாம்).

ஒத்தெல்லோவைத் தானே இயக்கி நடித்த ஆர்சன் வெல்ஸ் கதை வேறு. மொராக்கோவில் படப்பிடிப்பு, உடைகள் வந்து சேரவில்லை, மனுஷன் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் ரொடெரிகோ என்ற பாத்திரத்தைக் கொல்லும் காட்சியை நீராவிக் குளியலறைக்கு மாற்றி, நடிகர்களுக்குத் துண்டைக் கட்டிவிட்டு எடுத்தார். படத்திலேயே மிரட்டுகிற இடம் அதுதான்.

அப்புறம் ஜெயராஜின் மலையாளப் படம் 'களியாட்டம்', 1997. லிட்டில் இந்தியாவில் விசிடி வாங்கிப் பார்த்தேன். ஒத்தெல்லோ அதில் தளபதி இல்லை, வடகேரளத்துச் சாமியாட்டமான தெய்யம் ஆடுகிறவர். சாமி வேடத்தில் ஊரே கும்பிடுகிற ஆள், வேடம் கலைந்து வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறார். இந்திப் படம் 'ஓம்காரா'வில் (2006) கைக்குட்டைக்குப் பதில் இடுப்பு நகை. ஒட்டியாணம் காணாமல் போனால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? பிரிட்டிஷ் டிவியோ 2001-இல் ஒத்தெல்லோவை லண்டன் போலீஸ் கமிஷனராகவே ஆக்கிவிட்டது.

அந்த வாசகர் முதலில் 'களியாட்டம்' பார்க்கட்டும். அப்புறமும் கோபம் தீராவிட்டால் எழுதட்டும், பதில் எழுத நான் தயார்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர், பினாங்கு