பொது நூலகங்களை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலகங்களின் எதிர்காலத் தயார்நிலையை மதிப்பிடும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

எத்தனை கணினிகள், எத்தனை மின்னூல்கள், வைஃபை உண்டா, ஆண்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் மதிப்பீட்டுப் படிவங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. கையில் இருப்பது என்ன என்பது இதில் தெரிந்துவிடும். அது ஒருநாள் கைவிட்டால் நூலகம் தாக்குப்பிடிக்குமா என்பது தெரியாது. அந்தக் கேள்விக்கு முதலிடம் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2023 அக்டோபர் இறுதியில் கனடாவின் டொராண்டோ பொது நூலகத்தை இணையத் தாக்குதல் முடக்கியது. நூறு கிளைகள் கொண்ட, வசதிக்குக் குறைவில்லாத நூலகம் அது. பணம் கேட்டு மிரட்டிய தாக்குதல்காரர்களுக்கு நூலகம் பணம் தரவில்லை. ஆனால் இணையதளமும் உறுப்பினர் கணக்குகளும் வாசகர்களுக்கான கணினிகளும் மாதக்கணக்கில் இயங்கவில்லை. கிளைகள் திறந்தே இருந்தன, இரவல் கொடுப்பதும் நிற்கவில்லை. திரும்பி வந்த நூல்களைப் பதிவு செய்யத்தான் வழியில்லை. அவற்றை அலமாரிக்கு அனுப்ப முடியாமல் டிரெய்லர்களில் ஏற்றி வைத்தார்கள். அப்படித் தேங்கியவை ஏறத்தாழ பத்து லட்சம். எந்தப் படிவத்தின் எந்தக் கட்டம் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்? கணினித் தரவுக்குக் காப்புப் பிரதி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் 'ஆம்' என்றுதான் எழுதுவார்கள். அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள்.

மின்னூல் எண்ணிக்கையையும் அப்படியே ஏற்க வேண்டாம். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், 26 முறை இரவல் போனதும் நூலக மின்னூலின் உரிமம் முடிந்துவிடும் என்று விதி கொண்டுவந்தது. ஆண்டுக் கணக்கில் காலாவதியாகும் உரிமங்களும் உண்டு. நிதி நின்றால் நூல்களும் போய்விடும். சொந்தமானவை எத்தனை, உரிமக் காலம் வரை மட்டும் இருப்பவை எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

'நூலகம் ஒரு வளரும் உயிரி' என்றார் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இலேயே. அந்த வளர்ச்சியை முதலில் எதிர்கொள்பவர் இரவல் மேசையில் இருக்கும் ஊழியர். செயற்கை நுண்ணறிவுச் செயலி சொன்னது என்று ஒரு நூலின் பெயரோடு வாசகர் வருவார். அப்படியொரு நூலே இருக்காது. இன்னொருவர் இணையப் படிவத்தை நிரப்பத் தெரியாமல், "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கைபேசியை நீட்டுவார். அதே நேரத்தில் அதில் ஓடிபி வந்து விழும். ஊழியர் அதைத் தட்டச்சு செய்யலாமா? தவறு நடந்தால் யார் பொறுப்பு? இதற்கெல்லாம் எழுதப்பட்ட வழிமுறையோ பயிற்சியோ இல்லாமல் அவரை விட்டுவைத்திருக்கும் நூலகம், எத்தனை புதிய கருவிகள் வாங்கினாலும் தயாராக இல்லை என்பதே என் கருத்து. ஒப்பந்த ஊழியரை ஆண்டுதோறும் மாற்றும் இடத்தில் கற்ற பயிற்சியும் அவரோடு வெளியேறிவிடும்.

ஆகவே அடுத்த மதிப்பீட்டின்போது, ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு வேலைநாள் முழுவதும் மையக் கணினி அமைப்பை நிறுத்திவைத்து, என்னென்ன பணி நடக்கிறது, எது நிற்கிறது என்று நேரில் பாருங்கள். கண்டதை, குறைகளோடு சேர்த்தே, வாசகர் பார்க்கும்படி அந்தந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நூலக வாசகர்