காலைப் பார்க்காதீர்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வழங்கும் விழாப் படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு அதை இலவசமாகத் தருவது மிக நல்ல காரியம். அந்த வண்டி கிடைத்த பிறகு வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள் எங்கள் தண்டையார்பேட்டையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, காலில் குறை என்றாலே அந்த இணைப்புச் சக்கரத்தை, அதாவது சைடு வீலை, மாட்டித்தான் ஆக வேண்டும் என்று வீட்டிலும் அலுவலகங்களிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) போட்டு நடக்கிறேன். வலது காலில் எந்தக் குறையும் இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பல வருடங்களாகத் திருவொற்றியூருக்கும் பாரிமுனைக்கும் போய் வருகிறேன். என் அக்கா மகனுக்கு நிலைமை நேர் எதிர். விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார். எங்கள் இருவரையும் 'ஒரு கால் பாதிப்பு' என்று ஒரே வகையில் எழுதிவிடலாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்று விற்கும் பைக்குகளில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். எனக்குக் கியர் போட முடியாது. அவருக்குப் பின் பிரேக்கை நம்பி மிதிக்க முடியாது, செயற்கைக் காலில் எவ்வளவு அழுத்தம் போகிறது என்பது தெரியாது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் இது தலைகீழ்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியரை மட்டும் பார்த்தால் அந்த வண்டி எனக்குச் சரி. ஆனால் பின் பிரேக் பலமில்லாத காலுக்கு வந்துவிடும், எடையும் 150 கிலோவுக்கு மேல். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், கியர் வேலையே கிடையாது. டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் கியர் மாற்றும் வேலை இல்லை. காசிமேட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு போகும் எக்ஸ்எல்லைப் பார்க்கும்போதெல்லாம், எங்களைப் போன்றவர்களுக்கும் இது எவ்வளவு தோதான வண்டி என்று நினைப்பேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக், அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், கட்டாயமாகிவிட்டது. சேர்த்துப் பிடிக்கும் பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது கைப் பிடியை அழுத்தினாலே முன் சக்கரமும் பிடிக்கிறது. பைக்கில் அதே வசதி கால் பெடலில் இருப்பதால் என் அக்கா மகனுக்கு அதனால் பயன் இல்லை.

ஓடும்போது கால் அவ்வளவாகத் தேவைப்படாது. நிற்கும்போதுதான் தேவை. மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துப் போடுகிறார்கள். இடப்பக்கமாகப் போகும் நாம் நிறுத்தினால் வலது காலுக்குத் தரை கொஞ்சம் மேலே கிடைக்கும், இடது காலுக்குப் பள்ளத்தில் கிடைக்கும். அதனால் எனக்கு நிற்பது சுலபம். என் அக்கா மகன் இடது காலைத்தான் ஊன்றியாக வேண்டும், சரிவுப் பக்கமே வண்டி சாயும். அவருக்கு சீட் தாழ்வாக இருக்க வேண்டும், முடிந்தால் நடைபாதைக் கல்லின் மேல் காலை வைத்து நிற்க வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இது எப்படியோ சமாளிக்கக்கூடிய விஷயம். எண்ணூர் விரைவுச் சாலையில் அப்படியில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, மிச்சமிருக்கும் ஓரத்தில் மணல் கிடக்கிறது. திடீரென்று நிறுத்தினால் ஊன்றிய ஒற்றைக் காலும் மணலில் வழுக்குகிறது. இரண்டு கால் உள்ளவர் தடுமாறி நின்றுவிடுவார், நாங்கள் விழுவோம். அந்த மணலை அள்ளச் சொல்லி எத்தனை பேர் கேட்டாலும் தகும்.

அப்படியானால் சைடு வீல் பாதுகாப்புதானே என்று கேட்பார்கள். நிற்கும்போது பாதுகாப்புதான், இரண்டு கால்களும் வராதவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் சைடு வீல் மாட்டிய வண்டி வளைவில் சாயாது. வேகத்தைக் குறைக்காமல் திருப்பினால் ஆளை வெளிப்பக்கமாகத் தள்ளும், ஹேண்டிலைத் தோள் பலத்தால் திருப்ப வேண்டும். பெரும்பாலான வண்டிகளில், பின்னால் இருக்கும் மூன்று சக்கரங்களில் எஞ்சின் சுழற்றுவதும் பிரேக் பிடிப்பதும் நடுச் சக்கரத்தை மட்டும்தான். மணலி பக்கம் குண்டும் குழியுமான இடத்தில் இரண்டு ஓரச் சக்கரங்களும் மேட்டில் நிற்க, நடுச் சக்கரம் குழிக்கு மேலே வெறுமனே சுற்றும். ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் வண்டி நகராது. இறங்கித் தள்ளவும் முடியாதவர் யாராவது வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அகலம் கூடிவிடுவதால் லாரிக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒதுங்கவும் முடியாது.

என் அக்கா மகன் லைசென்ஸ் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனார். "எட்டு போட்டுக் காட்டுகிறேன் சார்" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர் பேன்ட்டுக்குக் கீழே தெரிந்த செயற்கைக் காலைப் பார்த்துவிட்டு, "சைடு வீல் மாட்டிக்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். விபத்துக்குப் பிறகு பயத்தை விட்டுவிட்டுத் திரும்ப வண்டியைத் தொட்ட பிள்ளை அவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாற்றியமைத்த வாகனத்துக்கென்று தனி லைசென்ஸ் வகை மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. வண்டியை மாற்றினால் அதை ஆர்சி புத்தகத்தில் பதிய வேண்டும் என்பதும் நியாயமான விதி. பதியாமல் ஓட்டி, விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸில் சிக்கிக்கொள்ளாதீர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் மாற்றம் தேவையா இல்லையா என்பதை ஓட்டிப் பார்த்துத்தானே முடிவு செய்ய வேண்டும்? ஊனச் சான்றிதழில் 40 சதவீதம், 60 சதவீதம் என்று எழுதியிருக்கும். அந்த எண் எந்தப் பிரேக்கைப் பிடிக்க முடியும், எந்தக் காலில் நிற்க முடியும் என்று சொல்லாது.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் வந்த கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில். இனி என்னைப் போன்றவர்கள் குறைந்துகொண்டே போவோம். இருப்பவர்களுக்கும் வயதாக ஆக நல்ல காலும் தோளும் தளர்கின்றன, நானும் ஒருநாள் சைடு வீலுக்கு மாற வேண்டியிருக்கும். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் விபத்திலும் சர்க்கரை நோயிலும் காலை இழந்தவர்கள் தொடர்ந்து வருவார்கள். எந்தக் கால், எந்த வண்டி என்று அவர்களிடம் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். செயற்கைக் கால் பொருத்தும் இடத்திலேயே அந்தப் பேச்சு தொடங்கலாம். போக்குவரத்துத் துறை அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான்: வருபவர் எந்த வண்டியில் வந்தாலும் முதலில் எட்டு போடச் சொல்லுங்கள், நிறுத்திக் காலை ஊன்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் எது முடியவில்லை என்று எழுதிக் கொடுங்கள். அதை வைத்து நாங்கள் மெக்கானிக்கிடம் போகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை